மே விடுமுறையில் வெளிநாட்டு ஆய்வுக்கூடம்: அமெரிக்காவா, சென்னையா?

மூன்றாம் ஆண்டு மெக் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தேசிய சேவையை முடித்துவிட்டுச் சேர்ந்தவன். மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை விடுமுறை. அந்த நேரத்தை வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் செலவிடலாம் என்று பேராசிரியர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு இடங்களிலிருந்து வரச் சொல்லிப் பதில் வந்திருக்கிறது.

ஒன்று அமெரிக்காவில், பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் தெரிந்த பல்கலைக்கழகம். பக்கவாதம் வந்தவர்களின் கைக்குப் பயிற்சி தரும் ரோபோவைப் பற்றிய ஆய்வு. என் பங்கு முழுக்க சிமுலேஷன், அதாவது கணினியிலேயே ஓட்டிப் பார்ப்பது. மற்றது சென்னையில், செயற்கைக் காலும் சக்கர நாற்காலியும் வடிவமைக்கும் ஆய்வுக்கூடம். முழங்கால் மூட்டைத் தேய்த்துச் சோதிக்கும் கருவியில் வேலை. அது போக, வாரத்தில் இரண்டு நாள் செயற்கைக் கால் பொருத்தும் மையத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

"இங்கே பிறந்து வளர்ந்துவிட்டு இன்ஜினியரிங் கற்றுக்கொள்ளச் சென்னைக்கு எதற்குப் போகிறாய்?" என்று அப்பா கேட்கிறார். நண்பர்களும் அமெரிக்காவைத்தான் சொல்கிறார்கள். எனக்கு மனம் சென்னைப் பக்கம் சாய்கிறது. நடப்பது, குளிப்பது, படியேறுவது என்று அன்றாட வாழ்க்கையைச் சுலபமாக்கும் பொருளைச் செய்யும் துறையில்தான் இருக்கப்போகிறேன் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முனைவர் படிப்புக்கும் விண்ணப்பிக்க ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பிட்ஸ்பர்க் வாசி

தம்பி, நான் தெம்பனிஸ்காரன், இப்போது அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்கிறேன். என் ஓட்டு அமெரிக்காவுக்கு. பெயருக்காகச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது.

சிமுலேஷன் என்றதும் மனிதர்களிடமிருந்து விலகிய வேலை என்று நினைத்துவிடாதே. 1985இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் நெவில் ஹோகன் இம்பீடன்ஸ் கன்ட்ரோல் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். ரோபோவின் கை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் கட்டளையிடாமல், தள்ளினால் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொண்டுவரும் முறை அது. வெறும் சமன்பாடுதான். ஆனால் அந்தச் சமன்பாடு இருந்ததால்தான் பக்கவாதம் வந்தவருடைய பலவீனமான கையை ஒரு இயந்திரம் பிடித்து நடத்த முடிந்தது. எம்ஐடி-மானஸ் என்ற ரோபோ அந்த வழியில் வந்ததுதான்.

நான் இருக்கும் ஊரிலேயே 2006இல் கார்னகி மெலனும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில், வாழ்க்கைத் தரத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பொறியியல் ஆய்வு மையத்தைத் தொடங்கினார்கள். மூத்தோரும் உடற்குறையுள்ளோரும் தங்கள் வீட்டிலேயே சுயமாக வாழ வேண்டும் என்பதுதான் நோக்கம். அடிப்படை ஆய்வு, நோயாளிகள், மருத்துவர்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்று நடந்தது. இப்படிப்பட்ட சூழலைப் பார்த்துவிட்டு வந்தால் முனைவர் படிப்புக்கு என்ன கேள்வியை எடுத்துக்கொள்வது என்று தெளிவு வரும். பரிந்துரைக் கடிதத்தின் மதிப்பையும் சும்மா தள்ளிவிட முடியாது.

உட்லண்ட்ஸ் அம்மா

அப்பாவின் கவலை எனக்குப் புரிகிறது. என் மகள் கோவையில் ஒரு விடுமுறை முழுக்க இருந்து வேலை செய்துவிட்டு வந்தாள். போகும்வரை வீட்டில் தினமும் வாக்குவாதம். போன பிறகு அவள் தொலைபேசியில் பேசிய விதமே மாறிவிட்டது, அந்த வேலையைத் தவிர வேறு பேச்சே இல்லை. அப்பாவிடம் அந்தப் பேராசிரியரை வீடியோவில் ஐந்து நிமிஷம் பேசச் சொல், பாதிப் பயம் போய்விடும். தங்குமிடத்தை மட்டும் வளாகத்துக்குள்ளேயே கேட்டு வாங்கு. மே மாதச் சென்னையில் கத்திரி வெயில், தெரியும்தானே.

ஓடி அக்கா

நான் ஒரு சமூக மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (சுருக்கமாக ஓடி), நோயாளிகள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்குவது என் வேலை. நீ கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வதற்கு முன்னால் எங்கள் பக்கத்து நிலவரத்தைச் சொல்கிறேன்.

நோயாளி வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நாங்கள் வீட்டைப் போய்ப் பார்ப்போம். ஒரு பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, மூவறை. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட பாட்டி. மருத்துவமனையில் வாக்கிங் ஃப்ரேமைப் பிடித்துக்கொண்டு அழகாக நடந்தார். சில வாரம் கழித்துப் போனால் ஃப்ரேம் சமையலறை ஓரத்தில், அதில் துண்டு காய்கிறது. ஏன் பாட்டி என்றால், குளியலறைக் கதவைக் காட்டினார். மடிப்புக் கதவு. திறந்தாலும் அதன் மடிப்பே ஒரு பக்கத்தை அடைத்துக்கொள்கிறது, ஃப்ரேமின் கால்கள் நுழையாது. வாசலில் ஒரு படி வேறு. ஆக, வீட்டிலேயே ஈரமான, வழுக்குகிற இடத்துக்கு வந்ததும் ஃப்ரேமை வெளியே விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறார். கீழே விழும் ஆபத்து எங்கே அதிகமோ அங்கே கருவி துணைக்கு வருவதில்லை.

அந்தப் பாட்டிக்கு மூத்தோரின் வீட்டைப் பாதுகாப்பாக்கும் வீவக-வின் ஈஸ் திட்டத்தில் கைப்பிடி போட்டோம், தரைக்கு வழுக்காத பூச்சும் பூசினார்கள். படிதான் மிஞ்சியது, அதற்கு ஒரு சின்னச் சரிவுப் பலகை செய்து வைத்தோம். இதில் எதுவும் பெரிய பொறியியல் இல்லை. ஆனால் அந்தக் கதவைப் பார்க்காமல் யாரும் இதை யோசித்திருக்க முடியாது.

எங்களிடம் மாணவர்கள் நிறைய வருகிறார்கள். வரும்போதே கையில் தீர்வோடு வருகிறார்கள்: விழுந்தால் தகவல் அனுப்பும் பட்டை, அசைவைப் பார்க்கும் கேமரா. நல்ல பிள்ளைகள்தான், கடுமையாக உழைக்கிறார்கள். ஆனால் "ஒரு நாள் காலை முழுக்க உங்கள் கூடவே இருக்கலாமா?" என்று கேட்பவர் மிகக் குறைவு. 2030இல் இங்கே குடிமக்களில் நான்கில் ஒருவருக்கு 65 வயது தாண்டியிருக்கும். கேட்டுப் பழகிய பொறியாளர்கள் நமக்குக் கட்டாயம் வேண்டும்.

அதனால் தம்பி, எந்த நாடு என்று பார்க்காதே. கருவியைப் பயன்படுத்துகிறவர் அந்த ஆய்வுக்கூடத்துக்கு வாரத்தில் எத்தனை முறை வருகிறார் என்று இரண்டு இடத்திலும் கேள்.

டன்மன் சாலை

சர்க்கரை நோயில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதனால் இது என் விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்குப் பொருத்திய கால் நல்ல கால். அலுவலகம், எம்ஆர்டி ரயில், கடைத்தெரு எல்லாம் போய் வருகிறேன். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்குள் போகும்போதுதான் சிக்கல். செயற்கைக் காலைப் பொருத்தும்போது, நாம் போடும் சப்பாத்தின் குதிகால் உயரத்தை வைத்துத்தான் கோணத்தைச் சரி செய்கிறார்கள். சப்பாத்தைக் கழற்றினால் குதிகால் தாழ்ந்துவிடுகிறது. உடம்பு பின்னால் சாய்கிற மாதிரி இருக்கும், முழங்காலைப் பின்பக்கமாக யாரோ தள்ளுவது போல் ஓர் அழுத்தம். அந்த நிலையில் கருங்கல் தரையில் வரிசையில் நிற்க வேண்டும். அதோடு வியர்வை. காலுக்கும், அதை நுழைக்கும் கிண்ணம் போன்ற சாக்கெட்டுக்கும் நடுவே சிலிகான் உறை போடுவோம். நம் ஊர்ப் புழுக்கத்தில் கொஞ்ச நேரத்தில் உள்ளே ஈரம் சேர்ந்து பிடிப்பு தளர்ந்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் கால் உள்ளே ஏறி இறங்குவது தெரியும். உறையைக் கழற்றித் துடைத்துப் போட ஓர் ஓரம் தேடி உட்கார வேண்டும்.

இதை என் செயற்கை உறுப்பு நிபுணரிடம் சொன்னதும் அவர் உடனே புரிந்துகொண்டார். வெறுங்காலோடு நிற்கும்போது குதிகாலுக்கு அடியில் வைக்க ஒரு ஆப்பு செய்து கொடுத்தார், இப்போது சமாளிக்கிறேன். ஆனால் அந்தக் காலை வடிவமைத்தவர்களுக்கு ஒரு மனிதன் வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் சப்பாத்து இல்லாமல் நடப்பான் என்பது கண்ணில் பட்டிருக்காது. அவர்கள் ஊரில் குளிர், வீட்டுக்குள்ளும் சப்பாத்து.

இதே கேள்வியில்தான் ஜெய்ப்பூர்க் கால் பிறந்தது. 1968இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் சேர்ந்து செய்தது. வெளிநாட்டுக் கால் போட்ட விவசாயி வயலில் இறங்க முடியவில்லை, சம்மணம் போட முடியவில்லை, குந்தி உட்கார முடியவில்லை. அதனால் ரப்பரில், வெறுங்காலோடு நடக்கத் தோதாக, கணுக்கால் வளைகிற மாதிரி செய்தார்கள். சர்மா பொறியியல் படித்தவரே இல்லை.

தம்பி, சென்னையில் அந்தப் பொருத்தும் மையத்தில் வாரம் இரண்டு நாள் உட்கார வைக்கிறேன் என்கிறார்களே, அந்த வாய்ப்பை விடாதே. அமெரிக்காவுக்கு முனைவர் படிப்புக்குப் போகும்போது போகலாம். சென்னையில் நீ சந்திக்கப்போகிறவர்கள் பேசுவது உனக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் புரியும். அந்த வகையில் உன் வகுப்பில் பாதிப் பேருக்கு இல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது.

பிட்ஸ்பர்க் வாசி

அண்ணே, சப்பாத்து விஷயம் எனக்குப் புதிது. இத்தனை வருஷம் நடையை அளந்துகொண்டிருக்கிறேன், எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாரையும் சப்பாத்தோடுதான் நடக்க வைக்கிறோம். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுகிறேன்.

ஆனால் தம்பிக்கு ஒன்று. அந்தக் கோணம் மாறும்போது முழங்காலில் எவ்வளவு முறுக்கு விசை கூடுகிறது என்று கணக்கிடத் தெரிந்தவன்தான் அதற்கு நிரந்தரத் தீர்வு செய்ய முடியும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதும் வேண்டும், கணக்கும் வேண்டும். சென்னைக்குப் போனால் கணக்கு கை நழுவாமல் பார்த்துக்கொள்.

பாலிடெக்னிக் விரிவுரையாளர்

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மாணவர்களை வெளிநாட்டுத் திட்டங்களுக்குக் கூட்டிப் போயும் இருக்கிறேன். சென்னை என்று எல்லாரும் உற்சாகமாகச் சொல்வதால் ஓர் எச்சரிக்கையையும் வைக்கிறேன்.

பத்து வாரம் என்பது குறைவு. முதல் சில வாரம் இடத்தைப் பழகவே போய்விடும். கடைசி வாரம் அறிக்கையும் படக்காட்சியும். நடுவில் மிஞ்சுவதில் ஒரு புதுப் பொருளைச் செய்து, சோதித்து, மக்கள் கையில் கொடுப்பது நடக்காது. ஆனாலும் மாணவர்கள் அப்படித்தான் கனவோடு போகிறார்கள். விளைவு, ஒரு முன்மாதிரியை அங்கே விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். திருகாணி ஒன்று கழன்றால் மாற்ற ஆளில்லை, உதிரிப்பாகம் அந்த ஊரில் கிடையாது. விருந்தோம்பிய அமைப்பு அந்தப் பத்து வாரமும் தன் ஆட்களின் நேரத்தைச் செலவழித்திருக்கும். இது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

நல்லபடியாக முடிந்த கதைகளைப் பார்த்தால் எல்லாமே நீண்டவை. எம்ஐடியில் ஏமோஸ் வின்டர் மாணவராக இருந்தபோது தான்சானியாவில் சக்கர நாற்காலிகளின் நிலையைப் பார்த்துவிட்டு, கரடுமுரடான பாதையில் நெம்புகோலால் ஓட்டும் நாற்காலியை வடிவமைத்தார். பாகங்கள் சைக்கிள் கடையில் கிடைப்பவை, எந்த ஊரிலும் ரிப்பேர் செய்யலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் கொடுத்துப் பார்த்ததில், எடை அதிகம், வீட்டுக்குள் திருப்ப முடியவில்லை என்று பயன்படுத்தியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதைத் திருத்தி குவாத்தமாலாவுக்குப் போனார்கள், அப்புறம் இந்தியாவுக்கு. வருஷக்கணக்கில் நடந்த வேலை.

ஸ்டான்ஃபர்ட் மாணவர்கள் 2008இல் ஜெய்ப்பூர்க் கால் அமைப்போடு சேர்ந்து செய்த முழங்கால் மூட்டும் அப்படித்தான். எண்ணெய் கலந்த நைலான், தனியாக மசகு போட வேண்டாம், விலை சுமார் 20 டாலர். மாணவர்கள் வடிவமைத்தார்கள், சரி. ஆனால் பொருத்திப் பார்க்க ஆட்கள், பட்டறை, திரும்பி வரும் நோயாளிகள் எல்லாமே அந்த அமைப்பிடம் 1975 முதல் இருந்தவை. மாணவர் போனாலும் வேலை நிற்கவில்லை.

ஆக, "நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் எந்த வேலையில் என்னைச் சேர்ப்பீர்கள்? நான் போன பிறகு அதை யார் தொடர்வார்?" என்று சென்னைக்கு எழுதிக் கேள். மூட்டைத் தேய்த்துச் சோதிக்கும் கருவி என்றாயே, அதைக் கேட்டு எனக்கு நம்பிக்கை வந்தது. லட்சக்கணக்கான முறை மடக்கி நீட்டி, எங்கே விரிசல் விடுகிறது என்று பார்க்கும் வேலை. படம் எடுத்துப் போட ஒன்றுமில்லாத வேலை. ஆனால் அந்தத் தரவு இல்லாமல் எந்த முழங்கால் மூட்டையும் மனிதருக்குப் பொருத்த முடியாது. ஒரு விடுமுறைக்குள் உருப்படியாக முடிக்கக்கூடியதும் அதுதான்.

திருச்சிப் பையன்

நான் எதிர்த் திசையில் வந்தவன். திருச்சியில் படித்துக்கொண்டிருந்தபோது ஏ-ஸ்டார் என்ற சிங்கப்பூர் அரசு ஆய்வு அமைப்பின் சிப்கா விருதில் இங்கே ஆய்வுப் பயிற்சிக்கு வந்து, அப்புறம் மேற்படிப்புக்கும் இங்கேயே சேர்ந்தேன். உங்கள் ஊர் உறவுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வெளிநாட்டு இளநிலை மாணவர்களுக்கானது, இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை.

இணையத்தில் தேடும்போது அமெரிக்க அறிவியல் அறக்கட்டளையின் ஐஆர்இஎஸ் என்ற திட்டம் முதலில் வந்து நிற்கும். மாணவர்களை வெளிநாட்டு ஆய்வுக்கு அனுப்பும் அருமையான திட்டம், ஆனால் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். ஜெர்மனியின் ரைஸ் திட்டத்துக்கும் நாடு பார்ப்பார்கள். விண்ணப்பத்தில் நேரம் செலவழிப்பதற்கு முன்னால் தகுதி வரியைப் படித்துவிடுங்கள். இந்த இழையைத் தொடங்கியவர் போலப் பேராசிரியருக்கு நேரடியாக எழுதுவதுதான் பலருக்கும் பலன் தருகிறது.

ஆய்வு ஒருங்கிணைப்பாளர்

ஒரு மருத்துவ ஆய்வுக் குழுவில் ஒப்புதல் ஆவணங்களைப் பார்ப்பது என் வேலை. யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இதனால் விடுமுறை முழுக்க வீணாய்ப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மனிதர்களை வைத்துச் செய்யும் எந்தச் சோதனைக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நேர்காணலுக்குக்கூட வேண்டியிருக்கும். விண்ணப்பித்தால் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். நீ போய் இறங்கியபின் விண்ணப்பித்தால், ஒப்புதல் வரும்போது நீ திரும்பிச் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருப்பாய். அதனால் ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற ஆய்வா, அதில் உன் பெயரைச் சேர்க்க முடியுமா என்று இப்போதே கேட்டுவிடு. இந்தியாவில் இதற்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் இருக்கின்றன, நிறுவனத்துக்கு நிறுவனம் குழு உண்டு. உன் பல்கலைக்கழகமும் தனியாக ஒப்புதல் கேட்கலாம். ஆய்வு நெறிமுறை பற்றிய சிட்டி என்ற இணையப் பயிற்சியை முடித்துச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள். பல இடங்களில் முதலில் கேட்பது அதைத்தான்.

பொருத்தும் மையத்தில் உட்காரும்போது இன்னொன்று. அங்கே வருகிறவர்கள் கால் வேண்டும் என்று வந்தவர்கள். உன்னிடம் முடியாது என்று சொன்னால் கால் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து, நீ கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். தமிழில் பேசுகிறாய், சிங்கப்பூரிலிருந்து வேறு வந்திருக்கிறாய், அந்தத் தயக்கம் இன்னும் கூடும். "நீங்கள் மறுத்தாலும் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கும்" என்பதை அவருக்குக் காலைப் பொருத்துகிறவர் வாயால் சொல்ல வை. புகைப்படத்துக்கும் இதே விதி.

டன்மன் சாலை

இதை எழுதியதற்கு மிக்க நன்றி. மருத்துவமனையில் ஒரு முறை என் காலைச் சுற்றி மாணவர்கள் நின்று அளந்தார்கள், படம் எடுத்தார்கள். யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. தம்பி, பெயரைக் கேட்டுவிட்டு ஆரம்பி.

மூன்றாம் ஆண்டு மெக்

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

இரண்டு இடங்களுக்கும் ஒரே கேள்விகளை அனுப்பினேன்: பயன்படுத்துகிறவர்கள் எவ்வளவு அடிக்கடி வருகிறார்கள், எந்த வேலையில் சேர்ப்பீர்கள், பிறகு யார் தொடர்வார், ஒப்புதல் இருக்கிறதா. அமெரிக்கப் பேராசிரியர் மறுநாளே பதில் போட்டார், மிக மரியாதையாக. இந்தக் கோடையில் நோயாளிகள் யாரும் வரமாட்டார்கள், ரோபோவின் அடுத்த வடிவம் இன்னும் கணினியில்தான் இருக்கிறது, முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது மறுபடி எழுது என்றார். சென்னையில் சோதனைக் கருவியை ஒரு முதுநிலை மாணவர் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறார், அவருக்குத் துணையாகத்தான் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒப்புதல் இருக்கிறது, என் பெயரைச் சேர்க்க விவரம் கேட்டிருக்கிறார்கள்.

சென்னைக்கே சம்மதம் சொல்லிவிட்டேன். அப்பா அந்தப் பேராசிரியரோடு பேசினார். ஐந்து நிமிஷம் என்று ஆரம்பித்தது முக்கால் மணி நேரம் போனது, இருவருமே பழைய மோட்டார் சைக்கிள் பிரியர்களாம். பிட்ஸ்பர்க் அண்ணன் சொன்ன கணக்கையும் விடப்போவதில்லை. வெறுங்காலில் நிற்கும்போது முழங்காலில் ஏறும் முறுக்கு விசையை என் இறுதியாண்டுத் திட்டமாக எடுக்கலாமா என்று இங்கே என் பேராசிரியரிடம் கேட்டிருக்கிறேன். டன்மன் சாலை அண்ணே, அது அமைந்தால் உங்களிடம் பேச வரலாமா? முறையாக ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் வருவேன்.

டன்மன் சாலை

தாராளமாக வா. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், கோயிலுக்குப் போய்விடுவேன். இல்லை, வெள்ளிக்கிழமையே வா, நேரிலேயே பார்த்துவிடலாம்.

ஓடி அக்கா

போவதற்கு முன்னால் ஒரு நாள் லெங்கோக் பாருவில் உடற்குறையுள்ளோருக்காக இருக்கும் எனேபலிங் வில்லேஜுக்குப் போய் வா. அங்கே டெக் ஏபல் என்ற இடத்தில் உதவிக் கருவிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள். உதவித் தொழில்நுட்ப நிதியைப் பற்றியும் தெரிந்துகொள். தகுதி உள்ளவர்களுக்குக் கருவி விலையில் 90 விழுக்காடு வரை, வாழ்நாளில் 40,000 வெள்ளி வரை கிடைக்கும். இங்கே ஒரு கருவி மக்கள் கைக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது என்று தெரிந்துகொண்டு சென்னைக்குப் போனால், அங்கே யார் பணம் கட்டுகிறார்கள் என்று உன்னால் கேட்க முடியும்.

ஆய்வு ஒருங்கிணைப்பாளர்

விசாவை மறந்துவிடாதே. சுற்றுலா விசாவில் போய் ஆய்வுக்கூடத்தில் உட்காராதே. அழைப்புக் கடிதத்தில் தேதி, வேலை, யார் பொறுப்பு மூன்றும் தெளிவாக இருக்கட்டும். அதை எடுத்துக்கொண்டு இந்தியத் தூதரகத்தில் எந்த வகை விசா என்று கேட்டு, இந்த மாதமே விண்ணப்பித்துவிடு. வெளியூரில் நீண்ட நாள் இருக்கப்போவதை என்எஸ் (தேசிய சேவை) இணையவாசலிலும் பதிந்துவிடு, ரிசர்விஸ்ட் பயிற்சிக்கு அழைப்பு நடுவில் வந்தால் சிரமம்.

மூன்றாம் ஆண்டு மெக்

சரி அக்கா, கடிதத்துக்கு இன்றிரவே எழுதுகிறேன். அப்புறம் ஒன்று, சிட்டி பயிற்சியில் எந்தப் பாடத்தொகுதியை எடுக்க வேண்டும்?

ஆய்வு ஒருங்கிணைப்பாளர்

மனிதர்களைக் கொண்ட ஆய்வு, அதில் உயிர்மருத்துவப் பிரிவு. உன் பல்கலைக்கழகக் கணக்கில் உள்நுழைந்தால் அதுவே காட்டும். ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதே, இரண்டு மூன்று மாலைகளில் நிதானமாகப் படி.